அருவி எவ்வளவு அவகாசம் தரும்?

காரைக்கால் மாவட்டத்தில் அருவி கிடையாது. திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய பட்டினச்சேரிக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் தென்னையும் வயலும்தான் தெரியும். குன்று என்று சொல்ல ஒரு மேடுகூட இல்லை. அருவியில் தலையைக் கொடுக்க ஆசைப்பட்டால் வேன் பேசி இரவெல்லாம் ஓட வேண்டும். குற்றாலம் நானூறு கிலோமீட்டருக்கு மேல். ஒகேனக்கல்லும் பக்கத்தில் இல்லை. இவ்வளவு தூரம் போகிறவர்கள் அருவியின் நேரம் பார்த்துப் போவதில்லை, தங்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரம் பார்த்தே போகிறார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து விசைப்படகுகள் கடலில் இறங்கும் வாரங்களில்தான் குற்றாலத்தில் சீசன் தொடங்குகிறது. அப்போது தொழிலை விட்டுவிட்டு எந்த மீனவர் போவார்? மறுபடி கை ஓய்வது அக்டோபருக்குப் பிறகு. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம், துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு, கரையில் ஏற்றி வைத்த படகுகள், இடையில் தீபாவளி விடுமுறை. கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் போகும் வழியிலோ வரும் வழியிலோ குற்றாலத்தில் ஒரு குளியல் போடுவதும் வழக்கம். ஆக, கடற்கரைக்காரருக்கு ஓய்வு தருவது வடகிழக்குப் பருவமழை. குற்றாலத்துக்குப் பதமான தண்ணீர் தருவதோ தென்மேற்குப் பருவமழை. இந்தப் பொருத்தமின்மையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

மழைக்காலத்தில் அருவிக்குப் போகலாமா கூடாதா என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும்: ஜாக்கிரதையாகப் போங்கள். அதனால் யாருக்கும் பயனில்லை. மேலே மழை பெய்வதற்கும் கீழே வெள்ளம் வந்து சேர்வதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டால் பதில் அருவிக்கு அருவி மாறும். சில அருவிகளில் அது ஒரு நாளுக்கு மேல். சிலவற்றில் சோப்பைத் தேடி எடுக்கும் நேரம்கூட இல்லை. மழை நாட்களில் எங்கே போவது, எப்போது போவது, போய்க் குளிப்பதா வெறுமே பார்த்துவிட்டு வருவதா என்ற மூன்றையும் இந்த அவகாசத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

முதலில் குற்றாலம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், திரிகூடமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று அரபிக்கடலிலிருந்து வருகிறது. அதன் மழையில் பெரும்பங்கைக் கேரளப் பக்கத்துச் சரிவே வாங்கிக்கொள்கிறது. ஆரியங்காவு, செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் மலைமுகட்டைத் தாண்டியும் இந்தப் பக்கம் வருவது மிச்சம்தான். அந்த மிச்சத்துக்குத்தான் சாரல் என்று பெயர். மலை ஒரு பெரிய தடுப்பாக நின்று மழையை வடிகட்டி அனுப்புவதால்தான் ஆடி மாதக் குற்றாலம் குடும்பத்தோடு குளிக்கும்படி இருக்கிறது. அக்டோபர் வந்தால் காற்று திசை மாறுகிறது. வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு கிழக்கிலிருந்து வரும் காற்றுக்குக் குற்றாலத்தின் மலை புறமுதுகு அல்ல, முகம். தாழ்வு மண்டலம் ஒன்று குமரிக்கடல் பக்கமாக நகர்ந்தால், மேகம் அந்தச் சரிவில் நேராக மோதி அங்கேயே கொட்டித் தீர்க்கும். அதே அருவி, அதே பாறை, ஆனால் மழையின் குணம் வேறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்து தென்மாவட்டங்கள் மூழ்கியது இந்தக் கிழக்குக் காற்றால்தான். 2024 டிசம்பரில் தென்காசி மாவட்டத்தில் மழை கொட்டியபோது குற்றாலத்து அருவிகள் எல்லாவற்றிலும் வெள்ளம் பாய்ந்து, குளிக்கத் தடை போட்டார்கள். இரண்டும் நடந்தது, நம் ஊரில் ‘வேலை இல்லை, எங்காவது போய் வரலாம்’ என்று தோன்றும் மாதத்தில்.

மலைமேல் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 10 கோடி லிட்டர். சமவெளியில் இது வயலில் தேங்கும், வாய்க்காலில் மெதுவாக வடியும். காரைக்காலில் மழை விட்டு இரண்டு நாள் கழிந்தும் தெருவில் தண்ணீர் நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். செங்குத்தான பாறையில் தேங்க இடமில்லை. பல ஓடைகளில் இறங்கி ஒரே வாயில் வந்து சேரும். குற்றாலப் பேரருவிக்கு இயற்கையே ஒரு காப்பு வைத்திருக்கிறது. சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் நேராகத் தரைக்கு வருவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, அதன் விளிம்பில் வழிந்து வருகிறது. அதனால்தான் அங்கே மனிதர் தலை தாங்குகிறது. வெள்ளம் வரும்போது பள்ளம் நிறைந்து, தண்ணீர் அதைத் தாண்டி எட்டிப் பாய்கிறது. கீழே கட்டியிருக்கும் பாதுகாப்பு வளைவுக்கு அப்பாலும் விழுகிறது. வளைவைத் தாண்டி விழுகிறது என்று செய்தித்தாளில் வந்தால் அதன் பொருள் இதுதான். அந்தத் தண்ணீரோடு கல்லும் மரக்கிளையும் வரும். 60 மீட்டர் உயரத்திலிருந்து தடையில்லாமல் விழும் கல், தரைக்கு வரும்போது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் இருக்கும். நீந்தத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் அங்கே வித்தியாசமில்லை. கடலில் பிறந்து வளர்ந்தவர்கள் இதைத் தனியாக மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அலையில் பழகிய தைரியம் அருவியடியில் செல்லாது. அலை பின்வாங்கும்போது மூச்சு விட இடம் கிடைக்கும். மேலிருந்து அமுக்கும் தண்ணீர் பின்வாங்குவதே இல்லை.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் நடந்ததைப் பலரும் கைப்பேசியில் பார்த்திருப்பார்கள். குளித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் மேல் திடீரென்று காட்டாறு இறங்கியது. பலர் அலறிக்கொண்டு படிகளில் ஓடித் தப்பினார்கள். திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். தேதியைக் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கியதாக வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது மே 30-ல். அதாவது சீசன் தொடங்கவே இல்லை. வந்தது கோடைமழை, அதுவும் மேலே மலையில். ஆறு வாரம் கழித்து, ஜூன் 30 அன்று, மகாராஷ்டிரத்து லோனாவலாவில் பூஷி அணைக்குப் பக்கத்து அருவியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் வெள்ளத்தில் போனார்கள். ஓடையின் நடுவில் பாறைமேல் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அவர்கள் நின்ற காட்சி நாடு முழுவதும் பரவியது. அவகாசம் குறைந்த இடத்தில் தலைக்கு மேலே இருக்கும் வானத்தை நம்ப முடியாது என்பதற்கு இவ்விரண்டு சாட்சியே போதும்.

இனி ஒகேனக்கல். இங்கே கதை வேறு. இது சரிவில் வந்து விழும் ஓடை அல்ல, காவிரி. மழை பெய்வது குடகிலும் வயநாட்டிலும். தண்ணீர் கிருஷ்ணராஜசாகரிலும் கபினியிலும் தேங்கி, அணை திறந்த பிறகு தமிழக எல்லையில் உள்ள பிலிகுண்டுலு வழியாக வருகிறது. அணையைத் திறந்தது முதல் ஒகேனக்கல்லுக்கு வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளவெடுக்கிறது. ஒகேனக்கல்லில் நீர்வரத்து எத்தனை ஆயிரம் கன அடி என்று தினமும் செய்தி வருகிறது. காரைக்கால் போன்ற காவிரிக் கடைமடையில் இருப்பவர்களுக்கு இந்த எண்ணைப் படிக்க யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மேட்டூர் நிறையுமா, கல்லணை திறந்து அரசலாற்றிலும் திருமலைராயனாற்றிலும் தண்ணீர் எப்போது வரும் என்று கணக்குப் போட அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 2018, 2022, 2024 ஆகஸ்ட் மாதங்களில் அந்த எண் ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஒரு லட்சம் கன அடி என்றால் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 லட்சம் லிட்டர். அதே அளவு ஒரு நாள் முழுக்க ஓடினால் 8.64 டி.எம்.சி. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் புதுச்சேரிக்கு, அதாவது காரைக்காலுக்கு, ஓர் ஆண்டு முழுவதற்கும் ஒதுக்கியது 7 டி.எம்.சி. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை அப்படியே வைத்தது. நம் ஓராண்டுப் பங்கைவிட அதிகமான தண்ணீர் ஒரே நாளில் பாறைகளுக்கு நடுவே இரைந்துகொண்டு போகிறது. அதைக் கண்ணால் பார்ப்பது எந்தக் குளியலுக்கும் குறைந்தது இல்லை.

பார்ப்பது என்றுதான் சொல்கிறேன். அந்த நாட்களில் பரிசல் ஓடாது, குளிக்கவும் விட மாட்டார்கள். ஐந்தருவிப் பாறைகள் வெள்ளத்தில் மூழ்கி, அருவி இருந்த இடம் தெரியாமல் ஒரே ஆறாக ஓடும். போகுமுன் எண்ணைப் பார்த்தால் எது கிடைக்கும் என்று தெரிந்துவிடும். சில ஆயிரம் கன அடி ஓடும் நாளில் பரிசலும் எண்ணெய்க் குளியலும் பொரித்த மீனும். ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் எட்ட நின்று பார்ப்பது மட்டும். கன்னியாகுமரி மாவட்டத்துத் திற்பரப்பிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்; பேச்சிப்பாறை அணையில் உபரி திறந்தால் அருவியில் தடை. அணை இருக்கும் இடத்தில் அறிவிப்பு இருக்கும். அறிவிப்பு இருந்தால் திட்டமிடலாம்.

இந்த எச்சரிக்கைக்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது எண்ணிக்கை வாதம். குற்றாலத்தில் ஒரு சீசனுக்கு லட்சக்கணக்கானோர் குளிக்கிறார்கள், விபத்து என்னவோ அபூர்வம், இதற்கு இவ்வளவு பயம் எதற்கு என்பார்கள். ஆபத்து சீசன் முழுவதும் சமமாகப் பரவியிருந்தால் இந்த வாதம் சரி. அப்படி இல்லை. அது சில நாட்களில், சில மணி நேரங்களில் குவிந்து கிடக்கிறது. அந்த நாட்களில் பெரும்பாலானவை முன்கூட்டியே தெரிந்தவை. தென்காசி மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை மழையை எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள். அந்த ஒன்றிரண்டு நாளைத் தவிர்ப்பதால் யாருடைய சீசனும் கெட்டுப்போகாது. காரைக்காலில் கூண்டு ஏற்றினால் கடலுக்குப் போகாமல் இருப்பவர்கள், கூண்டு ஏற்றிய நாட்களிலெல்லாம் புயல் வந்தே தீரும் என்று நம்பியா போகாமல் இருக்கிறார்கள்? வராமல் போன நாட்களும் உண்டு. ஆனாலும் மறுமுறை கூண்டு ஏறினால் படகு கரையில்தான்.

உள்ளூர்க்காரர்கள் குளிக்கவில்லையா என்பது அடுத்த கேள்வி. குளிக்கிறார்கள். அவர்கள் தண்ணீரின் நிறத்தைப் பார்க்கிறார்கள். தெளிந்து விழும் தண்ணீர் திடீரென்று செம்மண் கலங்கலாக மாறினால், சருகும் ஒடிந்த சுள்ளியும் கூடி வந்தால், இரைச்சல் கனத்தால், துண்டை எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார்கள். அவர்களுக்கு அது அன்றாடம். இன்று இல்லையென்றால் நாளை வந்து குளிப்பார்கள். நானூறு கிலோமீட்டர் வந்தவருக்கு இந்த ஒருநாள்தான், அதனாலேயே அவரால் ஏற முடியாது. வந்த தூரமே அவரை அங்கே நிற்க வைக்கிறது. காசு போட்டு வேன் எடுத்து வந்தோமே என்ற கணக்கு தலைக்குள் ஓடும்போது கலங்கல் கண்ணில் படாது. ஆகவே தூரத்திலிருந்து வருகிறவர் இந்த முடிவை அருவிக்கரையில் எடுக்காமல் வீட்டிலேயே எடுத்துவிட வேண்டும். மாலை போட்டவர்கள் குற்றாலத்தைப் போகும் வழியில் வைக்காமல் திரும்பும் வழியில் வைத்துக்கொண்டால், மழையைப் பார்த்து நிறுத்தலாம் அல்லது விட்டுவிடலாம். போகும்போது வைத்தால் சந்நிதானத்துக்குப் போய்ச் சேரும் அவசரமும் சேர்ந்துகொள்ளும்.

தடைக்கு எதிரான முணுமுணுப்பில் ஒரு நியாயம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தடை வரும் நாளில் ஒகேனக்கல் பரிசல்காரர்களுக்கும், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களுக்கும், குற்றாலத்துக் கடைக்காரர்களுக்கும் கூலி இல்லை. வந்தவர்களுக்கோ ‘தடை’ என்ற ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் தெரிவதில்லை. ஏன், எவ்வளவு நேரம், மேலே என்ன நடக்கிறது என்று சொல்லாத தடையை ஏமாற்றிப் பார்க்கலாமா என்றுதான் மனம் போகும். நம் அருவிகள் குளிப்பதற்கென்றே அமைந்துவிட்டன. கம்பித் தடுப்பு, உடை மாற்றும் அறை, விசில் ஊதும் காவலர் எல்லாம் குளிப்பவரை நினைத்து வைத்தவை. பார்க்க வருகிறவருக்கென்று வைத்தது குறைவு. ஒகேனக்கல்லில் ஒரு தொங்குபாலம் இருக்கிறது. அதன்மேல் நின்று அருவியைப் பார்க்கலாம். அதுபோல், வெள்ளம் எட்டாத மேட்டில் நல்ல பார்வை மேடைகள் ஒவ்வொரு அருவியிலும் இருந்தால் தடை நாளும் வருமானமில்லாத நாளாகாது. குளிக்கத் தடை, பார்க்க அனுமதி என்று பிரிக்கலாம். காவிரிக்கு நீர்வரத்து எண் சொல்வதுபோல, மலைமேல் கடந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பதை அருவிக்கரையிலும் தென்காசிப் பேருந்து நிலையத்திலும் பலகையில் போட்டால், தடை எப்போது வரும் என்பதைக் கூட்டமே முன்கூட்டி ஊகித்துக்கொள்ளும். மேட்டூர் நீர்மட்டத்தை அடிக்கணக்கில் மனப்பாடமாகச் சொல்லும் கடைமடையிலிருந்து வருகிறவருக்கு அந்தப் பலகையைப் படிப்பது கடினமாக இருக்காது.