தூரத்துப் பூநாரையும் அருகிலிருக்கும் அப்பாச்சியும்

ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ விடுமுறைக்கு ஊருக்கு வரவிருக்கும் மாமா, “உனக்கு என்ன கொண்டுவரட்டும்?” என்று தொலைபேசியிற் கேட்கிறார். க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த மருமகன் “கமரா” என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடுகிறான். இடர்ப்பாடு அதன் பின்னரே தொடங்குகிறது. “எந்தக் கமரா?” என்று மாமா மறுபடி கேட்டதும் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். வில்லையைக் கழற்றி மாற்றக்கூடிய டி.எஸ்.எல்.ஆர். வேண்டுமென்பது ஒரு கட்சி. வில்லையைக் கழற்ற முடியாவிட்டாலும் அடிவானத்தையே கையருகிற் கொணரும் சூப்பர்சூம் வேண்டுமென்பது மறு கட்சி. கல்யாணத்துக்குப் பார்க்கும் பொருத்தங்களிலும் கூடுதலான பொருத்தங்கள் அதன்பின் பார்க்கப்படுகின்றன. ஆசிரியர் என்ற காரணத்தால் இவ்வழக்கு ஆண்டுதோறும் நம்மிடமும் வந்து சேர்வதுண்டு. ஆகையால் நமது அபிப்பிராயத்தை ஒருமுறை விரிவாக எழுதிவைத்தல் நலமெனக் கருதினோம்.

முதலில் ஒரு விஷயத்தை மறந்துவிடலாகாது. இன்று வீட்டுக்கு வீடு கைத்தொலைபேசி இருக்கிறது. பட்டப்பகலில், பத்தடி தூரத்தில், ஆடாமல் அசையாமல் நிற்கும் மனிதரை அது செம்மையாகவே படம் பிடித்துவிடும். எனவே காசு கொடுத்து வாங்கும் கமரா, தொலைபேசியால் இயலாத ஒன்றைச் செய்தல் வேண்டும். தொலைபேசிக்கு இயலாதவை முக்கியமாக இரண்டு: தூரமும் இருளும். சூப்பர்சூம் தூரத்தை வெல்லும், டி.எஸ்.எல்.ஆர். இருளை வெல்லும். இரண்டையும் ஒருங்கே வெல்லும் கமராக்களும் உண்டு. அவற்றின் விலையைக் கேட்டால் மாமா பயணத்தையே ஒத்திவைத்துவிடுவார்.

சூப்பர்சூம் வகையைப் பிரிட்ஜ் கமரா, அதாவது பாலக் கமரா என்றும் சொல்வார்கள். சட்டைப்பையில் அடங்கும் சிறு கமராவுக்கும் டி.எஸ்.எல்.ஆருக்கும் நடுவே பாலம்போல நிற்பதனால் வந்த பெயர் அது. 2015இல் வெளிவந்த நிக்கோன் பி900 இவ்வகையிற் பேர்பெற்றது. அதன் வில்லை 83 மடங்கு நீளும் என்று பெட்டியிற் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். 2018இல் வந்த பி1000 இன்னும் ஒருபடி மேலே போய் 125 மடங்கு என்றது. அதன் நிறை 1.4 கிலோகிராம். இந்த மடங்குக் கணக்கைக் கண்டு மயங்குவோர் பலர். கண்ணாற் காண்பதைவிட 83 மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது அதன் பொருளன்று. வில்லையின் ஆகக் குறைந்த குவியத்தூரத்துக்கும் ஆகக் கூடிய குவியத்தூரத்துக்கும் உள்ள விகிதமே 83. அவ்வளவுதான்.

ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இக்கருவிக்கு வேலையில்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. நவம்பர் தொடங்கி மார்ச் வரையில் நமது கடல்நீரேரிகளுக்கு வந்து சேரும் விருந்தினரைப் பாருங்கள். பண்ணையிலிருந்து மண்டைதீவை நோக்கிச் செல்லும் வீதியின் இருமருங்கும், தொண்டைமானாற்று நீர்ப்பரப்பும், 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்ட சுண்டிக்குளமும் அக்காலத்திற் பறவைகளாற் பொலிவு பெறுகின்றன. ஊசிவால் வாத்துகள், ஆலாக்கள், கடற்காகங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பூநாரைகள். அவை நம்மைக் கண்டதும் அருகே வந்து நிற்பனவல்ல. சேற்றில் இறங்கி அவற்றை நெருங்க நினைப்பவர் தாமும் துன்புற்று, இரை தேடும் பறவையையும் கலைத்துவிடுவார்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பூநாரையின் உயரத்தை 1.3 மீற்றர் எனவும், அது வீதியிலிருந்து 200 மீற்றர் தூரத்தில் நிற்கிறது எனவும் கொள்க. பறவையின் உயரத்தைத் தூரத்தாற் பிரித்து, வில்லையின் குவியத்தூரத்தாற் பெருக்கினால், கமராவினுள்ளே உணரியில் விழும் விம்பத்தின் உயரம் கிடைக்கும். பௌதிகவியல் படிக்கும் மாணவர் இதனை மனத்திலேயே செய்துவிடுவர். ஆரம்ப வகை டி.எஸ்.எல்.ஆருடன் சேர்த்து விற்கப்படும் 18 முதல் 55 மில்லிமீற்றர் வரையான வில்லையை முழுவதும் நீட்டினாலும் விம்பம் 0.36 மில்லிமீற்றர்தான். உணரியின் உயரமோ ஏறக்குறைய 15 மில்லிமீற்றர். படத்தின் உயரத்தில் நாற்பதில் ஒரு பங்கு! அதைப் பூநாரை என்று பிறருக்குச் சொல்லித்தான் விளங்கவைக்க வேண்டியிருக்கும். பி900இன் மெய்யான குவியத்தூரம் 357 மில்லிமீற்றர். (விளம்பரத்தில் வரும் 2000 மில்லிமீற்றர் என்பது பழைய பிலிம் கமராவுக்குச் சமானப்படுத்திச் சொல்லும் கணக்கு.) அதில் விம்பம் 2.3 மில்லிமீற்றர், உணரியின் உயரம் 4.6 மில்லிமீற்றர். பறவை படத்திற் சரிபாதி உயரத்துக்கு நிற்கும்.

டி.எஸ்.எல்.ஆர். கட்சியினர் இவ்விடத்தில் ஒரு நியாயத்தை எழுப்புவர். 300 மில்லிமீற்றர் வரை நீளும் வேறொரு வில்லையை வாங்கிப் பொருத்தினால் என்ன என்பார்கள். பொருத்தலாம். அப்போதும் விம்பம் 1.95 மில்லிமீற்றரே, படத்தின் உயரத்தில் எட்டிலொரு பங்குக்குச் சற்றுக் கூட. வாங்கிய கமராவின் விலைக்கு மேல் இன்னொரு விலை வேறு. பூரணைச் சந்திரனையும் நெடுந்தீவுக் குதிரைகளையும் படம் பிடிப்பதிலும் இதே நிலைதான். குறிகட்டுவானிற் படகேறி நெடுந்தீவுக்குப் போய், வெட்டவெளியில் விலகி விலகி ஓடும் அக்குதிரைகளின் பிடரிமயிரைப் படத்திற் காட்ட விரும்புகிறவருக்குச் சூப்பர்சூமே ஏற்றது.

எனினும் நண்பகல் வேளையில் எந்த வில்லையும் உதவாது. நீர்ப்பரப்பின் மேல் எழும் சூடான காற்று கானல்போல அசைந்து, தூரத்துப் பறவையின் உருவத்தைக் கலைத்துவிடும். விடியற்காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடைப்பட்ட நேரமே உகந்தது. மணல் நிரப்பிய சிறு பையொன்றை மோட்டார்ச் சைக்கிளின் ஆசனத்தில் வைத்து, அதன்மேற் கமராவைச் சாய்த்துக்கொண்டால் கைநடுக்கம் பெருமளவு குறையும். பறந்து செல்லும் பறவையைப் பிடிப்பதோ சூப்பர்சூமுக்குக் கடினம். அதன் குவிப்பு தடுமாறி ஒருநிலைப்படுவதற்குள் மீன்கொத்தி மீனையும் விழுங்கிவிட்டுப் போய்விடும்.

இனி இருளின் கட்சிக்கு வருவோம். முற்றத்தில் மழை பெய்யும்போது ஒரு சிரட்டையையும் ஒரு தாம்பாளத்தையும் அருகருகே வைத்தால், எதில் அதிக நீர் விழும் என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லும். உணரியின் மேல் விழும் ஒளியும் அத்தகையதே. பி900 போன்றவற்றின் உணரி ஏறக்குறைய 6.2க்கு 4.6 மில்லிமீற்றர், டி.எஸ்.எல்.ஆரின் உணரி ஏறக்குறைய 22க்கு 15 மில்லிமீற்றர். பரப்பளவிற் பின்னையது ஏறத்தாழ 12 மடங்கு பெரிது. சூப்பர்சூமின் வில்லை, நீட்டாத நிலையிற் சற்று அகலமாகத் திறக்கும் என்பதையும் நியாயமாகக் கணக்கிற் சேர்த்தால் வேறுபாடு 7 மடங்களவிற்குக் குறையும். அதுவும் சிறிதன்று.

விளக்கு வைக்கும் நேரத்தில், நாற்சார் வீட்டு விறாந்தையில் அமர்ந்து பூத் தொடுக்கும் அப்பாச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் குத்துவிளக்கு. மறுபக்கம் மங்கும் வானம். தலையை நிமிர்த்திப் பேரனைப் பார்த்துச் சிரிக்கும் அந்தக் கணம் ஒரு நொடிகூட நில்லாது. சிறிய உணரியிற் பிடித்தால் முகம் முழுவதும் புள்ளி விழுந்திருக்கும். புள்ளியைத் துடைக்க முற்பட்டால் முகத்தின் சுருக்கங்களும் சேர்ந்தே போய்விடும். அச்சுருக்கங்களன்றோ நமக்கு வேண்டியவை! டி.எஸ்.எல்.ஆரில் 50 மில்லிமீற்றர், எஃப் 1.8 என்ற எளிய வில்லையை மாட்டினால், கூட வந்த வில்லை முழு நீட்டத்திற் கொடுப்பதைவிட ஒன்பது பத்து மடங்கு ஒளி உட்செல்லும். அவ்வில்லை நீளாது, குறுகாது. படமெடுப்பவர்தாம் நடந்து முன்னும் பின்னும் போகவேண்டும். ஆனால் வில்லைகளுக்குள் விலை குறைந்தவற்றில் அதுவும் ஒன்று. மின்னற்பொறியை முகத்தில் வீசிப் பாட்டியைத் திடுக்கிடச் செய்யவேண்டிய அவசியமும் இராது.

இவ்விடத்திற் கணக்கை ஒருபுறம் வைத்துவிட்டு வேறொன்றைப் பேச வேண்டும். நம்மவர் வீடுகளிற் பழைய படங்கள் ஏன் அருகிக் கிடக்கின்றன என்று இளையோர் கேட்கிறார்கள். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தது. சோற்றுப் பானையையும் குழந்தையையும் உறுதிப் பத்திரத்தையும் தூக்கியவர்களுக்கு அல்பத்தைத் தூக்க மூன்றாவது கை இருக்கவில்லை. திரும்பி வந்தபோது கூரையே இல்லாத வீடுகளில் அல்பத்தைத் தேடுவது எங்ஙனம்? அதற்கும் முன்னர், 1981இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97 ஆயிரம் நூல்களோடும் ஏட்டுச்சுவடிகளோடும் எரிந்து போயிற்று. பொதுச் சொத்தும் போயிற்று. வீட்டுச் சொத்தும் போயிற்று. இன்று எண்பதைக் கடந்த முதியோர் பலருக்கு அவர்களுடைய கல்யாணப் படம்கூட இல்லை. கனடாவிற் பிறந்த பேரப்பிள்ளை, தன் கொள்ளுப்பாட்டனின் முகம் எப்படியிருந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

பூநாரை அடுத்த மாரியிலும் வரும். நீரேரியை நாம் பாழாக்காதிருந்தால் அதற்கடுத்த மாரியிலும் வரும். அப்பாச்சி விஷயத்தில் அவ்வாறு சொல்ல முடியாது. ஆகவே முதியோர் இருக்கும் வீட்டுக்கு, ஒரேயொரு கமராதான் வாங்க முடியுமென்றால், ஆரம்ப வகை டி.எஸ்.எல்.ஆரும் 50 மில்லிமீற்றர் வில்லையுமே தக்கவை என்பது நமது துணிபு. பறவை பார்ப்பதையே பித்தாகக் கொண்ட பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டும் இத்தீர்ப்பை மாற்றிக்கொள்வோம். அப்பிள்ளைக்குச் சூப்பர்சூமை மறுப்பது, ஓடுகிறவனுக்குக் காலைக் கட்டுவது போலாகும். “இரண்டுக்கும் பொதுவாக இருக்கட்டும்” என்று சொல்லிச் சூப்பர்சூம் வாங்குவோரைத்தான் நாம் தடுக்க விரும்புகிறோம். அகல நிலையில் அது தரும் படம் நல்ல தொலைபேசி தரும் படத்தைவிட மேலானதன்று. நீட்டும் தேவை இல்லாதவருக்கு அதனாற் பிரயோசனம் இல்லை.

நல்லூர்த் திருவிழாவை எப்படிப் பிடிப்பது என்று சிலர் கேட்கக்கூடும். கோயிலின் உள்ளே படமெடுக்க அனுமதியில்லை, அது முறையே. தேர் வெளிவீதியில் வருவது காலை வெயிலில். எந்தக் கமராவும் போதும்.

பழைய ஏடுகள், உறுதிகள், கடிதங்கள் முதலியவற்றைப் படியெடுக்க எண்ணுவோருக்கும் இருவகைக் கருவியும் உதவும். ஏனெனில் ஏடு அசைவதில்லை. முக்காலியில் நிறுத்தி, யன்னலோர வெளிச்சத்தில், ஒளியைப் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழச்செய்தால் எழுத்தாணிக் கீறல்கள் தெளிவாகத் தோன்றும். 2005 முதல் நூலகம் நிறுவனத்தார் ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவிற் பேணி வருவதை மாணவர்கள் அறிவார்கள். வீட்டிலுள்ளவற்றையும் அம்முறையிற் பேணத் தொடங்கலாம்.

நமது காற்றின் குணத்தையும் கவனிக்க வேண்டும். உப்பும் ஈரமும் கலந்த காற்று இது. மாரிகாலத்தில் அலுமாரிக்குள் மூடிவைத்த கமராவின் வில்லைக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியொன்றில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பதே வழி. மணற்காட்டு மணற்குன்றுகளில் நின்றுகொண்டு டி.எஸ்.எல்.ஆரின் வில்லையைக் கழற்றுவது மணலை வீட்டுக்கு அழைப்பதற்கு ஒப்பாகும். இந்த ஒரு விஷயத்தில், கழற்றவே முடியாத சூப்பர்சூம்காரருக்குக் கவலை குறைவு.

கடைசியாக வாங்கும் விதம். டி.எஸ்.எல்.ஆர். வகையின் காலம் ஓய்ந்துகொண்டிருக்கிறது. ஆரம்ப வகையில் நிக்கோன் டி3500, கனோன் 1500டி இரண்டும் 2018இல் வந்தவை. கம்பனிகளின் கவனம் இப்போது கண்ணாடியில்லாத புதுவகைக் கமராக்களின் மேல் திரும்பிவிட்டது. ஆதலால் ஒருவர் பாவித்த டி.எஸ்.எல்.ஆர்கள் மலிவாக அகப்படுகின்றன. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறிய நாள்முதல் புதிய கருவியை வாங்கத் தயங்கும் நமக்கு இது வாய்ப்பே. ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பதை முதலிற் கேட்டறிக. வில்லைத் துவாரத்தை ஆகச் சிறிதாக்கி வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பார்த்தால் உணரியிலுள்ள தூசி கரும்பொட்டுகளாகத் தெரியும்; அது துடைத்தால் நீங்கும். பின் வில்லையைக் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து டோர்ச் வெளிச்சத்தைச் செலுத்தி மறு பக்கத்தால் உற்றுநோக்குக. சிலந்திவலை போன்ற மெல்லிய கிளைகள் தென்பட்டால் அது பூஞ்சணம். விலை எவ்வளவு குறைவாயினும் அவ்வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிடுக.