அலகை அளந்து பாருங்கள்

ரயில்வேயில் இருந்தவரை தண்டவாளங்களை அளந்துகொண்டிருந்தேன். ஓய்வு பெற்றபின் பறவைகளின் அலகை அளக்கிறேன், கண்ணாலேயே! அலகு தலையைப்போல் எத்தனை மடங்கு? நேரா, வளைவா? இது தெரிந்தால் பாதி அடையாளம் கிடைத்துவிடும்.

குளிர்காலத்தில் பழைய மதராஸ் சாலை வழியே ஹொஸ்கோட்டை ஏரிக்குப் போய்ப் பாருங்கள். பவளக்கால் உள்ளானைக் கண்டு ஏமாறாதீர்கள். சிவந்த நெடுங்கால்களுடன் அது ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பது. முதுகில் பொரி தூவியதுபோல் புள்ளிகள் இருந்தால் பொரி உள்ளான். அதன் அலகு தலையளவுதான். கருவால் மூக்கனுக்கு அலகு நீளம், நேர். அடியில் இளஞ்சிவப்பு, நுனியில் கருப்பு. பறக்கும்போது சிறகில் வெள்ளைப்பட்டை பளிச்சிடும்.

எனக்குப் பிடித்தது விசிறிவால் உள்ளான். அலகு தலையைப்போல் இரண்டு மடங்கு. காய்ந்த புல் நிறத்தில், மிதிபடும் தூரம்வரை அசையாமல் இருந்துவிட்டு, கரகரவென்று கத்தியபடி கோணல்மாணலாகப் பறக்கும். அதைச் சுடுவது அவ்வளவு கடினமென்பதால்தான், இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் குறிதவறாமல் சுடுபவனுக்கு அதன் ஆங்கிலப் பெயரையொட்டி ‘ஸ்னைப்பர்’ என்று பெயர் வைத்தார்கள். அலகின் நுனியில் தொடுவுணர்ச்சி உண்டு. சேற்றுக்குள் புதைத்தபடியே நுனியை மட்டும் திறந்து புழுவைப் பிடித்துவிடும்!

வளைந்த அலகுக்குக் கோடியக்கரைதான் போகவேண்டும். பொங்கலுக்குத் தஞ்சைப் பக்கம் செல்பவர்கள் கோட்டானைத் தேடுங்கள். (ஆந்தையல்ல!) அலகு தலையைப்போல் மூன்று மடங்கு, கீழ்நோக்கி வளைந்திருக்கும். உச்சந்தலையில் கோடுகள் இருந்து, உருவமும் சிறியதானால் அது சின்னக் கோட்டான். இவற்றின் உறவான மெல்லிய அலகுக் கோட்டானை 1995இல் மொராக்கோவில் பார்த்ததே கடைசி. 2025இல் அது அழிந்த இனமென்று அறிவித்துவிட்டார்கள்.

எங்கள் பேட்டையிலும் ஓர் ஏரி உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அதைத் தூர்வாரி, கிண்ணம்போல் ஆழமாக்கி, சுற்றிலும் கல் பதித்து, நடைபாதை போட்டார்கள். பொறியாளன் அல்லவா, நானே முதலில் பாராட்டினேன். அடுத்த குளிர்காலம் விசிறிவால் உள்ளான் ஒன்றுகூட வரவில்லை. அதற்கு வேண்டியது இரண்டங்குலத் தண்ணீரும் மெத்தென்ற சேறும். அழகான கல்லில் அலகை எங்கே செருகும்?

இப்போது பக்கத்து ஏரிக்கும் அதே வேலை வரப்போகிறதாம். ஒரு கரையையாவது சரிவாக, சேறாக விடக்கோரி மனு தயாரித்திருக்கிறேன். கன்னடத்தில் எழுதிக்கொடுத்தது என் பேத்தி. கையெழுத்திட விரும்பும் அன்பர்களுக்காக ஞாயிறு மாலைகளில் சங்க நூலகத்தில் இருப்பேன்.