பதவிப் பிரமாணத்துக்கு முன்பே கேளுங்கள்

உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்கு ஒருவர் பெயர் வந்ததும் அவருடைய பழைய பேச்சுகளைச் சமூக வலைத்தளங்களில் பகிர்ந்து கொதிக்கிறோம். பதவியேற்கும் நாளில் நீதிமன்றத்துக்கு ஓடுகிறோம். இரண்டுமே பயன் தருவதில்லை. அமெரிக்காவில் நியமிக்கப்படுபவரை செனட் குழுவின் முன் அமர்த்தி, கட்சிச் சார்பு பற்றியும் அந்தரங்க உரிமை பற்றியும் பகிரங்கமாகக் கேட்கிறார்கள். இங்கே மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியம் மூடிய அறையில் முடிவெடுக்கிறது. நம் கேள்வி அந்த அறைக்குள் போக ஒரே வழி, சான்றுகளோடு உரிய நேரத்தில் அனுப்பும் கடிதம்தான்.

2023 ஜனவரி 17 அன்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கு விக்டோரியா கௌரியின் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. பாஜக பொறுப்பில் இருந்தவர், சிறுபான்மையினருக்கு எதிராகப் பேசியவர் என்று வழக்கறிஞர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். பிப்ரவரி 6-இல் நியமன அறிவிப்பு வந்தது. மறுநாள் காலையே பதவியேற்பு. அதே காலையில் உச்ச நீதிமன்றம் நியமனத்தை எதிர்த்த மனுக்களைத் தள்ளுபடி செய்தது. சட்டம் கேட்கும் தகுதி இல்லையென்றால் தலையிடலாம், பதவிக்குப் பொருத்தமானவரா என்பதில் தலையிட முடியாது என்பது அதன் நிலை. 1992-இல் கவுகாத்தி உயர் நீதிமன்றத்துக்கான நியமனம் ஒன்று ரத்தானதும், வழக்கறிஞராகவோ நீதித்துறைப் பதவியிலோ பத்தாண்டு இருந்திருக்க வேண்டும் என்ற தகுதி இல்லாததால்தான். அதுவும் பதவியேற்புக்கு முன்பு. பொருத்தம் பற்றிய கேள்வியை எந்த நீதிமன்றமும் கேட்காது.

அரசியலில் இருந்தவர் நீதிபதியாகவே கூடாதா என்பார்கள். கேரளத்தின் 1957 கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் இருந்து பின்னர் நீதிபதியான வி.ஆர். கிருஷ்ணய்யரை இழந்திருந்தால் நமக்குத்தான் நஷ்டம். கட்சி உறுப்பினர் அட்டையைப் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டாம். ஒரு சாராரைச் சமமாக நடத்த மாட்டார் என்று காட்டும் பேச்சும் செயலும்தான் சான்று. அதே ஜனவரி 17 அன்று வழக்கறிஞர் ஜான் சத்யன் பெயரைக் கொலீஜியம் மீண்டும் வலியுறுத்தியது. மற்றவர்களுக்கு முன் அவரை நியமிக்கவும் சொன்னது. பிரதமரை விமர்சிக்கும் கட்டுரையைப் பகிர்ந்தார் என்பது உளவுத்துறைக் குறிப்பு. அந்தக் கோப்பு நகரவில்லை, விக்டோரியா கௌரியின் கோப்பு மூன்றே வாரத்தில் நகர்ந்தது. சார்பு பற்றிய கேள்வியை அரசிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.

நீதிபதி ஆகப்போகிறவருக்கும் அந்தரங்கம் உண்டு. நீதிபதி பதவிக்குப் பரிந்துரைக்கப்பட்ட சௌரப் கிர்பாலின் பாலீர்ப்பையும் இணையரின் நாட்டையும் காட்டி ஆட்சேபம் வந்தபோது கொலீஜியம் அதை ஏற்காமல் விட்டது சரி. படுக்கையறைச் செய்தி எதையும் கடிதத்தில் எழுதாதீர்கள். ஆனால் நம்முடைய அந்தரங்கம் பற்றி நீதிபதி ஆகப்போகிறவர் என்ன நினைக்கிறார் என்பது பொது விஷயம். 2017 புட்டசாமி தீர்ப்பில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். தொலைபேசி ஒட்டுக்கேட்பு உத்தரவு செல்லுமா என்பதை உயர் நீதிமன்றம்தான் பார்க்கிறது. வரப்போகும் வழக்குக்கு முன்கூட்டியே தீர்ப்புச் சொல் என்று யாரும் கேட்கவில்லை. இதுவரை எழுதியதையும் வாதாடியதையும் வைத்து மதிப்பிடச் சொல்கிறோம்.

கடிதம் யாருக்கு? உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு. டெல்லியில் இந்தியத் தலைமை நீதிபதிக்கும், மத்திய சட்ட அமைச்சகத்தின் நீதித் துறைக்கும், குடியரசுத் தலைவர் செயலகத்துக்கும். மொட்டைக் கடிதம் குப்பைக்குத்தான் போகும். பெயர், முகவரி, கையொப்பம், உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். பேச்சின் வெட்டிய துண்டை அனுப்பாமல் முழுப் பதிவையும், நாள், இடம், இணைய முகவரியோடு இணையுங்கள். ஸ்பீட் போஸ்ட் ரசீதையும், கடிதம் சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள். உச்ச நீதிமன்ற இணையதளத்தில் தீர்மானம் வந்த அன்றே அனுப்புங்கள்; அறிவிப்பு வரட்டும் என்று காத்திருந்தால் ஒரே இரவில் பிரமாணம் முடிந்துவிடும்.

தவறவிட்டீர்களா? பெரும்பாலானோர் முதலில் கூடுதல் நீதிபதியாகவே, அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்கு, நியமிக்கப்படுகிறார்கள். நிரந்தரமாக்கும் முன் கொலீஜியம் அவரைப் பற்றி மறுபடியும் பார்க்கும். அவர் எழுதிய தீர்ப்புகளைப் பத்தி எண்ணோடு குறிப்பிட்டு அப்போது எழுதலாம். உங்கள் வழக்கே அவரிடம் வந்தால், விசாரணை தொடங்குமுன் விலகக் கோரி மனு போடுங்கள். தீர்ப்பு வந்த பிறகு போட்டால், தோற்றதால் வந்த புகார் என்றுதான் பார்ப்பார்கள்.