பிடிவாதம்

'பிடி'யும் 'வாதமும்' சேர்ந்தது பிடிவாதம். (முடக்குவாதமன்று, வழக்காடும் வாதம்!) பிடித்த கட்சியை, தவறென்று தெரிந்த பின்னும் விடாதிருத்தலே அது. சித்திரைத் திருவிழாவில் பலூனுக்காகத் தம்பி தரையில் புரண்டால் அடம் என்கிறோம். வண்டிமாடு நகர மறுத்தால் சண்டித்தனம். பெரியவர்கள் உறவினர் திருமணத்திற்குப் போக மறுத்தால் வீம்பு.

1921 செப்டம்பர் 22 அன்று நம் மதுரை மேலமாசி வீதியில் காந்தியடிகள் அரையாடைக்கு மாறினார். 1931இல் இங்கிலாந்து மன்னரைக் காணச் சென்றபோதும் அரையாடையை விடவில்லை. இதை வைராக்கியம் என்றே படிக்கிறோம். ஏழைகளின் உடையைத் தாமும் உடுத்தவே அவர் அவ்வாறு நின்றார், வீம்புக்காக அன்று.

வீடுகளிலோ, மேல்நிலையில் அறிவியல் பிரிவுதான் வேண்டும் என்று அண்ணன் நின்றால் அது உறுதி, அதையே நாங்கள் கேட்டால், "பிடிவாதக்காரி!" இவ்வேறுபாட்டை மட்டும் எந்த அகராதியிலும் நாங்கள் காணவில்லை.