வீட்டில் பூட்டிய கணினி எழும்பாவிட்டால்

பாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, நீங்களே உட்கார்ந்து ஒரு கணினியைப் பூட்டியிருக்கிறீர்கள். பட்டனை அழுத்துகிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. அல்லது விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. "எது எரிந்துவிட்டது, எதை மாற்ற வேண்டும்?" என்றுதான் உடனே மனம் கேட்கும். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். புதிதாகப் பூட்டிய கணினி எழும்பாததற்குச் சரியாக இறங்காத ஒரு பாகமோ, மறந்துபோன ஒரு வயரோதான் அடிக்கடி காரணம்.

உக்குவளையில் இருப்பவருக்கு இது காசு விஷயமும்கூட. ஒரு பாகம் மாற்ற மாத்தளை டவுனுக்கோ கண்டிக்கோ போக வேண்டும். அங்கே கிடைக்காவிட்டால் கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவரை போகவேண்டி வரும். 2022இல் டொலர் 200 ரூபாயளவிலிருந்து 360 ரூபாயளவுக்கு ஏறியபோது, இறக்குமதியாகும் கணினிப் பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. பாதி புதிது, பாதி பாவித்தது என்று கலந்து பூட்டுவது இன்று சாதாரணம். ஆகவே பழுது எங்கே என்று தெரியும்வரை எதையும் வாங்காதீர்கள். கீழே சொல்வதற்கெல்லாம் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பொறுமையும் போதும்.

எங்கிருந்து தொடங்குவது? கையை வைக்குமுன் பாருங்கள். பட்டனை அழுத்தியதும் துளி அசைவும் இல்லையா? விசிறி சுற்றியும் திரையில் படம் வரவில்லையா? ஓரிரு விநாடி ஓடி அணைந்துவிடுகிறதா? எழுத்துகள் வந்து, "இயங்குதளம் இல்லை" என்ற பொருளில் ஏதோ சொல்லி நிற்கிறதா? இந்த நான்குக்கும் காரணங்கள் வேறு வேறு. எந்த வகை என்று தெரிந்தாலே பாதித் தேடல் மிச்சம். இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிச் சரிவந்தால், எது பிழை என்று கடைசிவரை தெரியாது.

துளி அசைவும் இல்லை என்றால்? முதலில் சுவர். அதே பிளக் பேஸில் ஒரு ஃபோன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். மல்டி பிளக்கை விட்டு நேராகச் சுவரில் குத்துங்கள். கணினியின் பின்புறம் வயர் செருகும் இடத்தில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். அதில் கோடு போட்ட பக்கம் அழுத்தியிருக்க வேண்டும், வட்டம் போட்ட பக்கம் அல்ல. பழைய பவர் சப்ளை (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ற குறைந்த அழுத்தத்துக்கு மாற்றும் பெட்டி) வாங்கியிருந்தால், 115, 230 என்று எழுதிய சிவப்பு நகர்த்தி ஒன்றும் இருக்கலாம். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். அது 115இல் இருக்க நீங்கள் சுவிட்சைப் போட்டால், பெட்டி சத்தத்தோடு எரிந்துபோகும். மின்சாரம் கொடுக்குமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

உக்குவளையில்தான் மின் நிலையமே இருக்கிறதே, இங்கே கரண்ட் ஒழுங்காகத்தானே இருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். பொல்கொல்லையில் திருப்பிவிடப்படும் மகாவலி நீர் மலைக்குள் குடைந்த நீண்ட சுரங்கம் வழியாக வந்து, 1976 முதல் இங்கே மின்சாரம் தருகிறது. ஆனால் அது நேராக உங்கள் வீட்டுக்கு வருவதில்லை. தேசிய மின் வலைக்குப் போய், எல்லோருக்கும் போலவே டிரான்ஸ்ஃபோர்மர் வழியாகத் திரும்பி வருகிறது. லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில் மாலை நேரம் அழுத்தம் குறையலாம். பல்ப் மங்கும் நேரத்தில் கணினி எழும்ப மறுத்து, காலையில் எழும்பினால், கணினியைச் சந்தேகிக்குமுன் மின்சாரம் விநியோகிப்பவர்களுக்குச் சொல்லுங்கள்.

கேசிங்கை (பாகங்களை உள்ளே வைத்துப் பூட்டும் வெளிக்கூடு) தொட்டால் கை விறுவிறுக்கிறதா? இதைச் சும்மா விடாதீர்கள். பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டி, மிகச் சிறிய அளவு மின்சாரத்தை எர்த் வயருக்கு (பழுதான மின்சாரத்தை நிலத்துக்குக் கடத்தும் பாதுகாப்பு வயர்) அனுப்பும்படி அமைக்கப்பட்டது. எர்த் இல்லாவிட்டால் அது கேசிங்கிலேயே நிற்கும். சதுரத் துளைப் பிளக் பேஸின் மேல் துளையில் பேனா முனையை விட்டுத் திறந்து, இரண்டு கால் பிளக்கைக் குத்தும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய உண்டு. கணினிக்கு அதைச் செய்யவே செய்யாதீர்கள். இதனால் மட்டும் கணினி எழும்பாமல் போகாது. ஆனால் உள்ளே பெரிய கசிவு ஏற்படும் நாளில் உங்களைக் காப்பாற்ற வேண்டியது அந்த மூன்றாவது கால்தான். வீட்டு எர்த்தையும் டிரிப் சுவிட்சையும் ஒரு மின்பணியாளரிடம் காட்டிச் சோதியுங்கள்.

சுவர் சரி. அடுத்து என்ன? கேசிங்கின் பட்டன். இன்றைய கணினியின் பட்டன் மின்சாரத்தை நேரடியாகத் திறந்து மூடுவதில்லை. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறையில், அது மதர்போர்டுக்கு (எல்லாப் பாகங்களும் வந்து சேரும் பெரிய பலகை) "எழும்பு" என்ற செய்தியை மட்டும் அனுப்புகிறது. அந்த மெல்லிய வயர் தப்பான கம்பியில் ஏறியிருந்தால் செய்தி போகாது. மதர்போர்டின் கீழ் ஓரத்தில், பெரும்பாலும் வலது மூலையில், இந்தக் கம்பிகள் இருக்கும். எவை என்பது அதோடு வந்த கைநூலில் உண்டு. வயரைக் கழற்றிவிட்டு, பட்டனுக்குரிய இரண்டு கம்பிகளை மட்டும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். கரண்ட் அடிக்குமோ என்று பயப்பட வேண்டாம், அங்கே ஓடுவது மிகக் குறைந்த அழுத்தம். கணினி எழும்பினால் கேசிங் பட்டனிலோ அதன் வயரிலோதான் குறை.

அப்போதும் அசைவில்லை என்றால் பவர் சப்ளையைத் தனியாகச் சோதிக்கலாம். சுவர் வயரைக் கழற்றுங்கள். அதிலிருந்து மற்றப் பாகங்களுக்குப் போகும் எல்லா வயரையும் கழற்றுங்கள். 24 துளை கொண்ட அகலமான இணைப்பில், பச்சை வயர் துளையையும் பக்கத்துக் கறுப்பு வயர் துளையையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் சேர்த்துவிட்டு, பிறகு மின்சாரம் கொடுங்கள். எல்லா வயரும் கறுப்பாக இருக்கும் புதிய பெட்டியானால், பச்சை வயருக்குரிய 16ஆம் துளை எது என்று படம் பார்த்து உறுதி செய்யுங்கள். விசிறி சுற்றினால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது. அது முழுச் சுகமாக இருக்கிறது என்பதற்கு இது சாட்சி அல்ல. சில புதிய பெட்டிகள் சூடேறும்வரை விசிறியைச் சுற்றவே விடாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள்: பவர் சப்ளையின் மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் அதன் உள்ளே ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

விசிறி சுற்றுகிறது, படம் இல்லை. இதுதான் பலரையும் அலைக்கழிப்பது, இங்கேதான் அவசரப்பட்டுப் பாகம் வாங்குகிறார்கள். ஆகவே நிதானமாகப் போவோம்.

மொனிட்டர் வயர் எங்கே செருகியிருக்கிறது? தனி கிராஃபிக்ஸ் கார்ட் (திரைக்குப் படம் தயாரிக்கும் பலகை) போட்டிருந்தால், வயர் அதில்தான் போக வேண்டும், மதர்போர்டில் அல்ல. கார்ட் போடாதவர்கள் தங்கள் ப்ராசசர் (கணக்கெல்லாம் போடும் முதன்மைச் சில்லு) பெயரைப் பாருங்கள். இன்டெல்லில் 12400எஃப் போல 'எஃப்' என்று முடிந்தால் அதற்குள் படம் தயாரிக்கும் பகுதி இல்லை. ரைசன் 5 5600இலும் இல்லை, 5600ஜியில் உண்டு. விலை குறைவு என்று 'எஃப்' வாங்கி, கார்ட் போடாமல் விட்டால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் படம் வராது. அங்கே எதுவும் பழுதில்லை, ஒரு பாகம் குறைகிறது, அவ்வளவுதான்.

ப்ராசசருக்கென்று தனி மின் வயர் உண்டு என்பது தெரியுமா? மதர்போர்டின் மேல் இடது மூலையில், நான்கு அல்லது எட்டுத் துளை. கேசிங்கின் இருட்டு மூலையில் இருப்பதால் அடிக்கடி மறந்துபோகும். அது செருகாவிட்டாலும் விசிறிகள் சுற்றும், விளக்குகள் எரியும், ப்ராசசர் மட்டும் வேலை செய்யாது. கிராஃபிக்ஸ் கார்டுக்குரிய எட்டுத் துளை வயர் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். வயரில் 'சிபியு' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துச் செருகுங்கள். இறங்க மறுத்தால் பலவந்தப்படுத்தாதீர்கள்.

அடுத்தது ரேம் (வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவுப் பலகை). நான் முதலில் சந்தேகிப்பது எப்போதும் இதைத்தான். சுவர் வயரைக் கழற்றி, ரேமை வெளியே எடுத்து, 'க்ளிக்' என்ற சத்தம் வரும்வரை இரு முனையிலும் அழுத்திச் செருகுங்கள். புதியவர்கள் மதர்போர்ட் உடைந்துவிடும் என்று பயந்து பாதி வழியில் நிறுத்திவிடுகிறார்கள். நினைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் தேவை. பாவித்த ரேமானால் பொன்னிறக் கால்களை மென்மையான அழிறப்பரால் இலேசாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிடுங்கள். மாத்தளைப் பக்கத்து ஈரக் காற்றில் கால்களில் படலம் பிடிப்பது வழமை. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும், ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது துளையில் போட்டுப் பாருங்கள். பிறகு மற்றதை.

புதிய டிடிஆர்5 ரேம் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் தடவை எழும்பும்போது கணினி அந்த ரேமை அளந்து பழக்கிக்கொள்ளும். அதற்குச் சில நிமிடம் எடுக்கும், சிலவேளை பத்து நிமிடம்கூட ஆகலாம். திரை அதுவரை கறுப்பாகவே இருக்கும். நடுவில் அணைத்தால் எல்லாம் மறுபடி தொடக்கத்திலிருந்து வரும். தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

பல மதர்போர்டுகளில் ப்ராசசர், ரேம், கிராஃபிக்ஸ், சேமிப்பு என்ற நான்குக்கும் நான்கு சிறு விளக்குகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தேடுங்கள். விளக்கு இல்லாத பழைய மதர்போர்டுக்குச் சிறிய பீப் ஒலிப்பான் ஒன்று மலிவாகக் கிடைக்கும். எத்தனை பீப் என்றால் என்ன பொருள் என்பது கைநூலில் இருக்கும்.

இதுவும் உதவாவிட்டால் பயாஸ் (எழும்பியதும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே பதிந்த சிறு மென்பொருள்) அமைப்பை அழித்துப் பாருங்கள். சுவர் வயரைக் கழற்றி, சீஆர்2032 என்ற நாணயம் போன்ற 3 வோல்ட் பெட்டரியை எடுத்து, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் போடுங்கள். பாவித்த மதர்போர்ட் வாங்கியவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: ப்ராசசர் அதைவிடப் புதியதா? 2018இல் வந்த பி450 மதர்போர்டுக்கு 2020இல் வந்த ரைசன் 5000 வரிசை யாரென்றே தெரியாது, பயாஸைப் புதுப்பித்தால்தான் தெரியும். இரண்டு பாகமும் நல்லவை, ஆனாலும் படம் வராது. கடையில் புதுப்பித்துத் தருவார்கள். சில மதர்போர்டுகளில் யூஎஸ்பி வழியாக நீங்களே செய்யலாம்.

ஓரிரு விநாடியில் அணைந்தால்? எங்கோ உலோகத்தோடு உலோகம் படுகிறது, அல்லது ப்ராசசரின் மேல் உள்ள குளிர்விப்பான் சரியாக அமரவில்லை. கேசிங்கில் மதர்போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்கள், மதர்போர்டில் துளை இருக்கும் இடங்களில் மட்டும் இருக்க வேண்டும். தேவையில்லாத இடத்தில் ஒன்று மிஞ்சினாலும் அது அடியில் தொட்டுக் குறுக்கே மின்சாரம் பாயும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, மதர்போர்டை வெளியே எடுத்து அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, ப்ராசசர், குளிர்விப்பான், ஒரு ரேம், பவர் சப்ளை ஆகியவற்றோடு மட்டும் எழுப்பிப் பார்ப்பது. ப்ராசசருக்குள் படம் தயாரிக்கும் பகுதி இல்லையென்றால் கிராஃபிக்ஸ் கார்டையும் சேருங்கள். வெளியே எழும்பினால் குறை கேசிங்கில். எழும்பாவிட்டால் தேட வேண்டியவை இந்த நான்கைந்து பாகங்கள் மட்டுமே.

திரையில் எழுத்து வந்துவிட்டால் கவலையை விடுங்கள். கணினி எழும்பிவிட்டது. சேமிப்பு வட்டு செருகவில்லை, அல்லது அதில் விண்டோஸ் இன்னும் பதியவில்லை.

நேற்றுவரை ஓடிய கணினி இடி மழைக்குப் பின் எழும்பவில்லையா? ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி நமக்குப் பழக்கம். பிளக்கைக் கழற்றுபவர்கள்கூட ரவுட்டரிலிருந்து வரும் வயரை மறந்துவிடுகிறார்கள். தொலைபேசி லைன் வழியாக வரும் மின்னல் அந்த வயரால் நேரே மதர்போர்டுக்குள் போகும். வானம் கறுத்தால் இரண்டையும் கழற்றுங்கள். கரண்ட் போய்த் திரும்பி வரும்போதும் சில நிமிடம் பொறுத்துச் செருகுங்கள்.

எல்லாம் பார்த்தும் சரிவரவில்லை என்றால் கடைக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. என்னென்ன சோதித்தீர்கள், எந்த விளக்கு நின்றது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். பழுது பார்ப்பவருக்கு நேரம் மிச்சம், உங்களுக்குக் காசு மிச்சம். பற்றுச்சீட்டையும் பெட்டிகளையும் வீசாதீர்கள். ப்ராசசர் இருக்கும் இடத்தின் நுண்ணிய கம்பிகளை விரலால் தொடாதீர்கள். வளைந்த கம்பிக்கு உத்தரவாதம் கிடையாது என்று கடைக்காரர் சொல்ல அதுவே போதும். உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தும் காரணமின்றி மறுத்தால், நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.