பொம்மை வீரனின் தலைக்கவசம்: சிற்றளவுப் படைக்கருவிகளுக்கு வண்ணம் தீட்டும் கலை

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1964-ஆம் ஆண்டு ஜி.ஐ. ஜோ என்னும் போர்வீரர் பொம்மையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூட்டுகள் அசைகின்ற, பதினொன்றரை அங்குல உயரமுள்ள அந்த உருவத்தோடுதான் ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்னும் வகைப்பெயரும் பிறந்தது. உருவத்தை ஒருமுறை வாங்கியவர் அதற்கான துப்பாக்கி, தலைக்கவசம், தண்ணீர்க் குப்பி, கூடாரம் முதலியவற்றைத் தொடர்ந்து வாங்கிக்கொண்டே இருப்பார் என்னும் கணக்கின்மீது அந்த வணிகம் நிறுத்தப்பட்டதால், துணைப்பொருள்கள் தொடக்கத்திலிருந்தே உருவத்துக்கு இணையான இடத்தைப் பெற்றன. 1966-இல் பிரிட்டனின் பாலிடாய் நிறுவனம் இதே உருவத்தை ஆக்‌ஷன் மேன் என்ற பெயரில் வெளியிட்டது; 1982-இல் ஜி.ஐ. ஜோ மூன்றே முக்கால் அங்குல உருவமாகச் சுருங்கி மறுபிறவி எடுத்தது. இத்துணைப்பொருள்களுக்கு மறுவண்ணம் தீட்டி, தேவையான இடத்தில் வெட்டியும் துளைத்தும் ஒட்டியும் மாற்றியமைக்கும் கைத்தொழில் இன்று ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துள்ளது.

இக்கலையின் அடிப்படை அளவுவிகிதம். உண்மைப் பொருளின் ஆறில் ஒரு பங்கு நீளத்தில் செய்யப்பட்டது 1:6 என்றும், பதினெட்டில் ஒரு பங்கு நீளத்தில் செய்யப்பட்டது 1:18 என்றும் குறிக்கப்படும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் காலாட்படையின் முதன்மை ஆயுதமாக இருந்த எம்1 காரண்ட் துப்பாக்கி ஏறத்தாழ 110 செ.மீ. நீளமுடையது, அது 1:6 அளவில் 18 செ.மீ.-க்குச் சற்று அதிகமாகவும், 1:18 அளவில் 6 செ.மீ. அளவாகவும் அமையும். அதன் 7.62 மி.மீ. குழல்வாய் முன்னதில் 1.27 மி.மீ. துளையாகவும் பின்னதில் 0.42 மி.மீ. துளையாகவும் சுருங்கிவிடுவதால், எந்தத் துளையூசியை எடுப்பது என்ற முதற்கேள்விக்கே இந்தக் கணக்குத்தான் விடை தருகிறது.

தொழிற்சாலையில் வார்க்கப்படும் துணைப்பொருள் பெரும்பாலும் ஒரே நிறப் பிளாஸ்டிக்கால் ஆனது. ஒவ்வொரு கூடுதல் நிறத்துக்கும் தனி அச்சுமறைப்பும் தனி வேலையும் தேவைப்படும் என்பதால், துப்பாக்கியின் எஃகுக் குழலும் மரக்கட்டையும் ஒரே பழுப்பிலோ கறுப்பிலோ வந்துவிடுகின்றன. ஒரே பிளாஸ்டிக்கைக் கண்ணுக்கு எஃகாகவும் மரமாகவும் பருத்தித் துணியாகவும் தோலாகவும் பிரித்துக் காட்டுவதே வண்ணம் தீட்டுபவரின் பணி. இதற்குக் கைத்திறன் மட்டும் போதாது. உண்மைப் பொருள் எதனால் செய்யப்பட்டது, எங்கே தேய்ந்தது, ஏன் தேய்ந்தது என்னும் அறிவும் வேண்டும்.

வண்ணம் ஒட்டுவதும் ஒட்டாததும் பிளாஸ்டிக்கின் வகையைப் பொறுத்தது. கடினமான ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு, தன்மேல் படும் திரவத்தை ஈர்த்துப் பரவச்செய்யும் ஆற்றலை, அதாவது பரப்பு ஆற்றலை, ஓரளவு கூடுதலாகக் கொண்டிருப்பதால், அதன்மீது வண்ணம் எளிதில் படியும். பாலிஎதிலீனுக்கு இவ்வாற்றல் குறைவு. தாமரை இலைத் தண்ணீர்போல வண்ணம் அதன்மேல் திரண்டு நிற்கும், காய்ந்தபின் நகம் பட்டாலே உரிந்து வரும். வளையும் தன்மையுள்ள பிவிசி-யின் சிக்கல் வேறு வகையானது. அதை மென்மையாக்குவதற்காகச் சேர்க்கப்படும் நெகிழ்வூக்கி என்னும் எண்ணெய்போன்ற பொருள் காலப்போக்கில் மேற்பரப்புக்குக் கசிந்து, எண்ணெய்ச் சாயமான எனாமலோடு கலந்துவிடுவதால், மாதங்கள் கடந்தாலும் பூச்சு பிசுபிசுப்பு மாறாமலே இருக்கக்கூடும். ஆகவே வளையும் வார்களுக்கும் பைகளுக்கும் நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமே பாதுகாப்பானது. கடும் கரைப்பான்கள் கொண்ட லாக்கர் வண்ணம் விரைவில் உலர்ந்து உறுதியாகப் பற்றும் என்றாலும், கனமாகப் பூசினால் பிளாஸ்டிக்கையே அரித்துவிடும். அதன் ஆவி உடலுக்குத் தீங்கானது என்பதால் காற்றோட்டமற்ற அறையில் அதைக் கையாளவே கூடாது.

பூச்சுக்கு முந்திய வேலைகளைப் பலர் பொறுமையின்றிக் கடந்துவிடுகின்றனர். அச்சிலிருந்து பொருள் எளிதில் கழன்று வருவதற்காகத் தடவப்பட்ட எண்ணெய்ப்பசை போக, பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் கழுவி உலர்த்த வேண்டும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் எழும் மெல்லிய வார்ப்புக் கோட்டைக் கத்தியால் சுரண்டி எடுக்காமல் விட்டால், எவ்வளவு நேர்த்தியான வண்ணமும் அதைக் கூடுதலாகவே வெளிக்காட்டும். பின்னர் பிரைமர் எனப்படும் அடிப்பூச்சை மெல்லியதாகக் கொடுக்க வேண்டும். மெல்லியதாக என்பதற்குக் காரணம் உண்டு: 0.1 மி.மீ. கனமுள்ள பூச்சு 1:18 அளவில் 1.8 மி.மீ. கனத்துக்கு ஒப்பாகிவிடும், அத்தகைய கனத்தில் வண்ணம் ஏறிய துப்பாக்கி உலகில் எங்கும் இருந்ததில்லை. நீர்த்த வண்ணத்தை இரண்டு மூன்று முறை ஏற்றுவதே முறை.

அமெரிக்கப் படையின் எம்1 தலைக்கவசம் இக்கலைக்குச் சிறந்த பாடப்பொருள். 1941-இல் ஏற்கப்பட்ட இக்கவசத்தின் வெளி ஓடு ஹாட்ஃபீல்டு எஃகு எனப்படும் மாங்கனீசு கலந்த எஃகால் ஆனது. ஒளி பட்டு மின்னி வீரனைக் காட்டிக்கொடுக்காதிருக்க, போர்க்கால ஓடுகளின் மங்கிய ஆலிவ் பச்சை வண்ணத்தில் பொடித்த தக்கைத்தூள் சேர்க்கப்பட்டது. அதனால் அதன் மேற்பரப்பு கைக்குச் சொரசொரப்பாக இருக்கும். 1:6 கவசத்தில் அச்சொரசொரப்பைக் கொண்டுவர, வண்ணத்தில் சிறிதளவு டால்கம் பவுடரைக் கலந்து, தூரிகையை இழுக்காமல் ஒற்றி ஒற்றிப் பூசலாம். 1:18 அளவிலோ அத்துகள்கள் கூழாங்கற்களாகத் தோன்றிவிடும் என்பதால், பளபளப்பற்ற வண்ணம் மட்டுமே போதுமானது. தேய்மானத்தைக் காட்டுமிடத்தில் உலோகம் பற்றிய அறிவு நேரடியாகப் பயன்படுகிறது. தொடக்க ஆண்டுகளில் வந்த கவசங்களின் விளிம்புப் பட்டை, பேச்சு வழக்கில் எவர்சில்வர் எனப்படும் துருவேறா எஃகால் ஆனது. அதன்மேல் வண்ணம் நன்றாகப் பற்றாமல் உதிர்ந்தது. ஆகவே வண்ணம் உதிர்ந்த விளிம்பு வெள்ளிபோல் மின்னலாமேயன்றித் துருவேறக் கூடாது. ஓட்டின் உச்சியில் கீறல் விழுந்த இடமோ துருவின் செம்பழுப்பைப் பெறலாம். கவசம் முழுவதும் ஒரே துருநிறத்தை அப்பிவைப்பவர் இவ்வேறுபாட்டை இழந்துவிடுகிறார்.

துப்பாக்கிக்கும் இதே நெறி பொருந்தும். காரண்ட் துப்பாக்கியின் எஃகு பாஸ்பேட் கரைசலில் இட்டுப் பதப்படுத்தப்பட்டதால், பளபளக்கும் கறுப்பாக இல்லாமல், மங்கிய சாம்பல் நிறத்தில், சில வேளைகளில் பச்சைச் சாயலோடு காணப்படும். கரும்சாம்பல் அக்ரிலிக்கை அடிவண்ணமாகப் பூசி உலர்த்தி, பென்சில் முனையைச் சுரண்டி எடுத்த கரியப்பொடியை விரல்நுனியால் விளிம்புகளில் மட்டும் தேய்த்தால், எந்த உலோக வண்ணமும் தராத எஃகின் ஒளி கிடைக்கும். வால்நட் மரக்கட்டைக்கு வெளிர்பழுப்பை முதலில் இட்டு, அதன்மேல் நீர்த்த செம்பழுப்பு எண்ணெய்ச் சாயத்தை மரத்தின் நீளவாக்கில் இழுத்தால் இழையோட்டம் தோன்றும்; எண்ணெய் ஊட்டப்பட்ட மரம் மிக மெல்லிய மினுமினுப்பு உடையது என்பதால், இங்கு மட்டும் முழு மங்கல் மேற்பூச்சைத் தவிர்க்க வேண்டும்.

தண்ணீர்க் குப்பியில் நேரும் பிழை பரவலானது. அலுமினியத்தாலும், விமானங்களுக்கு அலுமினியம் தேவைப்பட்ட போர்க்காலத்தில் துருவேறா எஃகாலும் செய்யப்பட்ட அக்குப்பிகள் வெறும் உலோகமாகவே இருந்தன. அவற்றின் மீது பச்சை வண்ணம் உதிர்ந்ததுபோல் காட்டுவது அழகாக இருப்பினும் பொய்யானது. துணி வார்களையும் பைகளையும் பொறுத்தவரை, 1944-இல் போரிட்ட ஒரே வீரனின் உடலில் பழைய மணல்நிறக் காக்கியும் புதிய கரும்பச்சையும் கலந்திருப்பது இயல்பு என்பதை நினைவில் கொண்டால், எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் பொருத்தும் தவறு நேராது.

நிழலும் ஒளியும் ஏற்றுவதற்கு இரு முறைகள் பெரிதும் கையாளப்படுகின்றன. வாஷ் எனப்படுவது, மிகவும் நீர்த்த கருநிறச் சாயத்தைப் பள்ளங்களில் ஓடவிட்டு ஆழத்தைக் காட்டும் முறை. உலர்தூரிகை முறை என்பது, வண்ணத்தைத் துணியில் பெரும்பாலும் துடைத்தெடுத்த தூரிகையால் மேடுகளை மட்டும் உரசி அவற்றை எடுப்பாக்கும் முறை. இரண்டும் எளியவை; எளியவை என்பதாலேயே அளவு மீறிக் கையாளப்படுபவை. களத்தில் சில வாரங்களே இருந்த துப்பாக்கி நூறாண்டு மண்ணில் புதைந்து கிடந்ததுபோலக் காட்சியளிப்பது, இத்துறையில் இன்று மிகுதியாகக் காணப்படும் குறை. அன்றாடம் எண்ணெயிட்டுத் துடைக்கப்பட்ட ஆயுதம் துருவேறியிருக்காது. கை படும் இடங்களில் தேய்ந்திருக்கும், அவ்வளவே.

வேலை முடிந்த பொருளை உருவத்தின் கையில் செருகும்போதுதான் பெரும்பாலான பூச்சுகள் கீறப்படுகின்றன. பிவிசி-யால் ஆன கையை முதலில் வெந்நீரில் சிறிது நேரம் அமிழ்த்தினால் விரல்கள் இளகி விரிந்துகொடுக்கும். மேற்பூச்சுக் கொடுத்த துப்பாக்கி முழுவதும் இறுகும்வரை, குறைந்தது ஒரு நாளேனும், காத்திருந்து பொருத்துவது நல்லது.

புதிதாகத் தொடங்குவோர் விலை குறைந்த, இன்றும் தாராளமாகக் கிடைக்கும் பிற்காலப் படிகளிலேயே பழக வேண்டும். 1960-களில் வெளிவந்த மூலத் துணைப்பொருள்கள் வரலாற்றுச் சான்றுகள். அவற்றின் தொழிற்சாலை நிறமும் வார்ப்புக் கோடும்கூட அச்சான்றின் பகுதியே. ஒருமுறை வண்ணம் ஏறிய பொருளை முந்தைய நிலைக்கு மீட்பது ஏறக்குறைய இயலாது என்பதால், அத்தகைய பொருள் கையில் கிடைத்தவர் அதைத் தூரிகை படாமல் அப்படியே பாதுகாத்து வைக்க வேண்டும்.