பட்டாளத்துத் தாத்தாக்கள் – 6: கப்பலா, ரயிலா?

சிங்கப்பூரில் பிடிபட்ட பட்டாளத்துக்காரரைப் பற்றி நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே பேச்சுதான் மிஞ்சியிருக்கிறது: “அவரு நேதாஜி படையில இருந்தவரு.” என் அம்மாவின் பெரியப்பாவைப் பற்றி எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதை முடிவாக வைத்துக்கொண்டு தேடத் தொடங்கினால், அவர் உண்மையில் பட்ட பாட்டைத் தவறவிட்டுவிடுவோம்.

சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் இந்தியச் சிப்பாய்களை மட்டும் தனியே கூட்டினார்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். அவர் கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். சுமார் 40,000 பேர். சிலர் உடனே மோகன் சிங் தலைமையில் உருவான இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், சிலர் மறுத்தார்கள். அந்த டிசம்பரில் ஜப்பானியர்கள் மோகன் சிங்கையே கைது செய்ததும், சேர்ந்தவர்களில் பலர் விலகினார்கள். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் வந்தபின் மறுபடி சேர்ந்தவர்களும் உண்டு. ஆக, “சேர்ந்தாரா, இல்லையா?” என்ற கேள்விக்கு ஒரே மனிதர் மூன்று ஆண்டுகளில் மூன்று பதில் சொல்லியிருக்கக்கூடும்.

சேராதவர்களின் கதையைத்தான் நாம் கேட்கவே இல்லை. அவர்களில் ஆயிரக்கணக்கானவர்களை ஜப்பானியர்கள் கப்பலேற்றி நியூ கினிக்கும் நியூ பிரிட்டனுக்கும் வேலைக்குக் கொண்டுபோனார்கள். இவர்கள் போர்க் கைதிகளே இல்லை, தங்களுக்கு உதவும் உழைப்பாளர்கள் என்று சொல்லி, கைதிக்குரிய பாதுகாப்பையும் மறுத்தார்கள். 1943 ஜனவரி 26 அன்று ‘பூயோ மாரு’ என்ற கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி ‘வாஹூ’ மூழ்கடித்தது. உள்ளே இந்தியக் கைதிகள் இருப்பது சுட்டவர்களுக்குத் தெரியாது. கிட்டத்தட்ட 490 கைதிகளில் 195 பேர் இறந்தார்கள். நியூ கினியின் வேவாக் பகுதிக்குப் போன சுமார் 3,000 பேரில் போர் முடிந்தபோது உயிரோடிருந்தவர்கள் ஏறக்குறைய 200 பேர்தான். பட்டினி, நோய், அடி, இவற்றோடு நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சு. தப்பியவர்களில் ஒருவரான சிந்த் சிங் போர்க்குற்ற விசாரணைக்குச் சாட்சியாக அங்கேயே தங்கினார். ஊருக்குப் புறப்பட்ட அவருடைய தோழர்களில் சிலர், மூன்று ஆண்டு நரகத்தைக் கடந்து வந்தவர்கள், விமான விபத்தில் மாண்டார்கள். இதை எழுதும்போது இன்னும் மனம் பதறுகிறது.

ஊருக்கு வந்து சேர்ந்தவர்களையும் யாரும் கொண்டாடவில்லை. விசாரணை முகாமில் இந்திய தேசிய ராணுவத்தினரை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரித்தார்கள். கறுப்பு என்று குறிக்கப்பட்டவர் சம்பளப் பாக்கியை இழந்து வெளியேறினார். பிறகாவது தியாகி என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. காட்டில் மூன்று ஆண்டு செத்துப் பிழைத்தவருக்கு எந்தப் பெயரும் கிடைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, வட ஆற்காட்டுப் பக்கத்து வீடுகளில் எல்லாக் கைதிகளும் நேதாஜி படைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பென்ஷன் வராததை வைத்தும் அவர் நேதாஜி படையில் இருந்தார் என்று முடிவுகட்ட வேண்டாம். சிப்பாய்க்குப் பென்ஷன் கிடைக்கப் பதினைந்து ஆண்டு சர்வீஸ் வேண்டும். போருக்காகச் சேர்ந்து 1946-ல் வீடு திரும்பியவருக்கு அது எங்கே இருக்கப்போகிறது?

அம்மாவின் அந்தப் பெரியப்பாவின் மகள், எனக்குப் பெரியம்மா, தொண்ணூறைத் தொடுகிறவர். நேதாஜி படையைப் பற்றிக் கேட்டபோது தலையாட்டியதோடு சரி. “உங்க அப்பா போனது கப்பல்லயா, ரயில்லயா பெரியம்மா?” என்று கேட்டதும் பேசத் தொடங்கினார். “கப்பல்லதாம்பா. கூட வந்த கப்பலு முழுகிப்போச்சாம். கடைசியில வந்து காப்பாத்துனவன் தொப்பிய ஒரு பக்கம் மடிச்சுவச்ச வெள்ளைக்காரனாம்.” இந்திய தேசிய ராணுவம் பர்மா எல்லைக்குப் போனது பெரும்பாலும் ரயிலிலும் நடையாகவும். ஒரு பக்கம் மடித்த தொப்பி ஆஸ்திரேலியப் படையினருடையது. அவர்கள் கைதிகளை மீட்ட இடங்கள் நியூ கினி, நியூ பிரிட்டன், போர்னியோ. எந்தக் கப்பல், எந்தத் தீவு என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் திசை தெரிந்துவிட்டது.

வீட்டில் பதக்கம் இருந்தால் ரிப்பனைப் பாருங்கள். கரும்பச்சையில் நடுவே மஞ்சள் பட்டை, ஓரங்களில் சிவப்பு என்றால் அது பசிபிக் ஸ்டார். இந்தியச் சிப்பாய்க்கு அது பெரும்பாலும் மலாயா, சிங்கப்பூர் அல்லது ஹாங்காங் போர்க்களத்தைக் குறிக்கும். பதக்கமும் இல்லாதவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம். இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் மனைவியருக்கும் மாநில அரசு உதவித்தொகை வழங்குகிறது. பாட்டி அதை வாங்கியிருந்தால் அந்தக் கோப்பில் படை எண் இருக்கும்.

சென்ற வாரம் சொன்ன அந்தப் படை எண்ணோடுதான் அவருடைய படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, மதராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். பென்ஷன் பெறாதவர்களின் ‘ஷீட் ரோல்’ என்னும் பணிப் பதிவை 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. அழித்துவிட்டோம் என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாமல், ‘லாங் ரோல்’ பதிவைக் கேட்டு மறுபடி எழுதுங்கள். அதை அழிப்பதில்லை. சுருக்கமானதுதான், ஆனாலும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் அதில் கிடைக்கும்.

திரும்பி வராதவரைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடலாம். சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவுச் சுவர்களில் கல்லறை அறியாத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இருக்கின்றன. பெயரை வைத்துத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அன்றைய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதில் முனுசாமி நாலு விதமாக இருப்பார். எண்ணை வைத்தே தேடுங்கள்.

உயிர் பிழைத்தவர்கள் என்ன பட்டார்கள் என்பதற்கு ஆஸ்திரேலிய ஆவணக் காப்பகத்தில் சாட்சியங்கள் இருக்கின்றன. நியூ பிரிட்டனின் ரபவுலில் ஆஸ்திரேலியர்கள் நடத்திய போர்க்குற்ற விசாரணைகளில் இந்தியச் சிப்பாய்கள் சொன்னவையும் அவற்றில் உண்டு. அந்தக் கோப்புகளை எப்படித் தேடி எடுப்பது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)